கல்விகளின் கடல்: திருவல்லிக்கேணியில் அடங்கியுள்ள பஹ்ருல் உலூம் (ரஹ்)



மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நம்மவர் பலர், திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆவேனும் தொழுதிருப்பர். தொழுகை முடிந்ததும் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் கப்ரருகே நின்று துஆச் செய்வோரும் உண்டு. ஆனால் அதே பள்ளியின் வளாகத்தில் இன்னொரு பேரறிஞர் அடங்கியுள்ளார் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தாம் பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலீ ஃபரங்கி மஹல்லி (ரஹ்) அவர்கள். ‘பஹ்ருல் உலூம்’ என்றால் ‘கல்விகளின் கடல்’ என்று பொருள்.

அன்னார் ஹிஜ்ரி 1144இல், அதாவது கி.பி. 1731 அளவில், லக்னோவில் பிறந்தார்கள். தந்தையார் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்கள். ‘தர்ஸே நிஜாமி’ என்னும் பாடத்திட்டம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் முதலான நம் மதரஸாக்களில் ஓதப்படும் கிதாபுகளின் வரிசைக்கும் அதுவே மூலம். முன்பு ஐரோப்பிய வணிகர் ஒருவருக்குரியதாயிருந்த மாளிகையை ஔரங்கசீப் இக்குடும்பத்துக்கு அளித்தமையால் அது ஃபரங்கி மஹல் எனப் பெயர் பெற்றது. 1748இல் தந்தையார் மறைந்தபோது மைந்தருக்கு வயது 17. தந்தையாரின் மாணவரான முல்லா கமாலுத்தீன் அவர்களிடம் எஞ்சியவற்றைக் கற்றுத் தேர்ந்தார்கள்.

பின்னர் லக்னோவில் எழுந்த ஒரு பிணக்கினால் அவர்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. ஷாஜஹான்பூரில் ஹாஃபிஸ் ரஹ்மத் கான் அவர்களின் ஆதரவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கற்பித்தார்கள். 1774இல் அவர் போரில் மாண்டபின் ராம்பூர் சென்றார்கள். அங்கே கிடைத்த உதவி மாணவர் கூட்டத்துக்குப் போதவில்லை. ஆதலால் வங்காளத்தின் புஹார் என்னும் ஊருக்குப் பெயர்ந்தார்கள். சென்ற இடமெல்லாம் மாணவரும் உடன் சென்றனர் என்பதை நினைவில் கொள்க. தமக்கு மட்டும் ஓர் இடம் தேடியிருந்தால் அவர்களுக்கு இத்தனை அலைச்சல் நேர்ந்திராது.

இறுதியில் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா அவர்களின் அழைப்பை ஏற்று மதராஸ் வந்தார்கள். நவாபே முன்சென்று அவர்களின் பல்லக்குக்குத் தோள்கொடுத்தார் என வரலாற்றாசிரியர் எழுதுவர். அவர்களுக்கென மதரஸாவும் எழுந்தது. 1795இல் நவாப் மறைந்தார். 1801இல் கர்நாடக ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. ஆட்சி மாறியும் பாடம் நிற்கவில்லை. ஹிஜ்ரி 1225 ரஜபு மாதம், கி.பி. 1810இல், இந்நகரிலேயே வஃபாத்தானார்கள். அவர்களின் மருமகனார் முல்லா அலாவுத்தீன் அவர்கள் கற்பிக்கும் பணியைத் தொடர்ந்தார்கள்.

அவர்களின் நூல்களுள் தலையாயது ‘ஃபவாத்திஹுர் ரஹமூத்’. இது முஹிப்புல்லாஹ் பிஹாரி (ரஹ்) எழுதிய ‘முஸல்லமுஸ் ஸுபூத்’ என்னும் உஸூலுல் ஃபிக்ஹ் நூலின் விரிவுரை. பின்னாளில் எகிப்தின் பூலாக் அச்சகம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘அல் முஸ்தஸ்ஃபா’வுடன் இதனையும் சேர்த்து வெளியிட்டது. மன்திக் என்னும் தருக்கக் கலையிலும் அவர்கள் விரிவுரை கண்டார்கள். மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவிக்குப் பாரசீகத்தில் உரை வரைந்தார்கள். தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் ஆகிய நான்கையும் விளக்கி ‘ரஸாயிலுல் அர்கான்’ எழுதினார்கள். நுண்மையான தருக்கமும் அன்றாட வணக்கமும் அவர்களுக்கு இரு வேறு உலகங்களாக இருக்கவில்லை.

உஸூல் என்பது யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். ஸூரத்துல் ஜுமுஆவில், பாங்கு சொல்லப்பட்டதும் வணிகத்தை விட்டுவிடும்படி அல்லாஹ் ஏவுகிறான். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவனது அருளைத் தேடும்படியும் ஏவுகிறான். இரண்டும் ஏவல்களே. அவ்வாறாயின் தியாகராய நகரில் கடை வைத்திருப்பவர் ஜும்ஆ முடிந்ததும் கடையைத் திறந்தே ஆக வேண்டுமா? இல்லை, தொழுகைக்காகத் தடுக்கப்பட்டது மீண்டும் ஆகுமாக்கப்பட்டது என்பதே அங்கே பொருள். முதல் ஏவல் கடமை, இரண்டாவது அனுமதி. இதனை எந்த அளவுகோலால் பிரித்தறிகிறோம்? தடைக்குப் பின் வரும் ஏவல் எப்போதும் அனுமதியைத்தான் குறிக்குமா? இதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். அவர்களின் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடைபோடுவதே அக்கலை.

இஜ்திஹாதின் வாசல் அடைக்கப்பட்டுவிட்டது, இனி அத்தகுதியுடையோர் தோன்றவே மாட்டார் என்று துணிந்து கூறியோரையும் இந்நூலில் அவர்கள் கண்டிக்கிறார்கள். அக்கூற்றுக்கு ஆதாரமில்லை, மறைவான ஒன்றைக் குறித்து அறிவின்றிப் பேசுவதாகும் என்பது அவர்களின் வாதம். இதனைக் கூறியவர் மத்ஹபை உதறியவர் அல்லர். ஹனஃபி மத்ஹபில் ஆழ வேரூன்றியவர். கற்றுத் தேர்ந்தவரின் துணிவு அது. கல்லாதவரின் துணிச்சல் அன்று.

இவ்வடியேன் பல்லாண்டுகளாக மதரஸாவில் கற்பித்து வருகிறேன். ஒருமுறை பதினான்கு வயது மாணவன் ஒருவன், “உஸ்தாத், இது ஏன் ஃபர்ளு, அது ஏன் ஸுன்னத்?” என்று கேட்டான். பாடம் முடிக்கும் அவசரத்தில், “கிதாபில் அப்படித்தான் இருக்கிறது, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான்; அந்த ஆண்டு முழுதும் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை நான் அடக்கம் என்று எண்ணினேன். பஹ்ருல் உலூம் அவர்களின் வரலாற்றைப் படித்தபின்பே அது என் குறை என உணர்ந்தேன். கேள்வியே கேட்கக்கூடாதென்றால், ஆட்சேபத்தை எழுப்பி விடை கூறுவதிலேயே பக்கங்களை நிரப்பிய அப்பெரியார் எதற்காக வாழ்நாளைச் செலவிட்டார்கள்?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மார்க்கத்தில் ஒன்றைக் கேட்டால் வாயை அடக்காதீர்கள். விடை தெரிந்தால் கூறுங்கள். தெரியாவிடில் ஆலிமிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் விடை பெறாத கேள்வி கைப்பேசியில் விடை தேடிக்கொள்ளும். அடுத்த முறை பெரிய பள்ளிக்குச் சென்றால் பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று, இங்கே ஓர் ஆசிரியர் அடங்கியுள்ளார் எனக் கூறி, அவர்களுக்காக துஆச் செய்யுங்கள்.

அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! நமக்கும் நம் மக்களுக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.