கணிப்பொறி என்னும் பக்கவாத்தியம்

இயந்திரம் என்றால் நிக்டியில் வாழும் நம்மவர்களுக்குப் புதிதா என்ன? ஆகுர்டியிலும் பிம்ப்ரியிலும் மிஷினோடு மல்லுக்கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். மிஷின் என்பது சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான் என்பது நம் எண்ணம். ஒருவர் பியானோ வாசிக்க, கணிப்பொறி அதைக் கேட்டுவிட்டுத் தானாகவே பதில் வாசிக்கிறது என்றால் "சும்மா கதை விடாதீங்க" என்போம். ஆனால் இந்தக் கதைக்கு நாற்பது வயதாகிறது. அதில் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்கும் பங்குண்டு.

1957இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியைக் கொண்டு ஓர் இசைக்கோவை உருவாக்கினார்கள். அதை வாசித்தவர்கள் மனிதர்களே. கணிப்பொறியை மேடைக்கே அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் சிகாகோவில் 1952இல் பிறந்த கறுப்பினக் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ். இவர் டிராம்போன் வாசிப்பவர். 1984இல் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிலையத்தில் ஒரு முயற்சி செய்தார். அடுத்து 1987இல் 'வாயேஜர்' நிரலை அரங்கேற்றினார். அதற்குள் 64 கற்பனை வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். எதிரே வாசிப்பவரின் சுருதி, வேகம், அழுத்தம் எல்லாவற்றையும் அது கவனிக்கும். சில நேரம் ஒத்துப்போகும், சில நேரம் வம்புக்கு நிற்கும். மனிதர் வாசிக்காமல் இருந்தாலும் அது பாட்டுக்கு வாசிக்கும்! பின்னாளில் இதைத் தானே கட்டை அழுத்தி வாசிக்கும் பியானோவோடும் இணைத்தார். இன்றைய பொருளில் அது 'கற்றுக்கொள்ளும்' அறிவல்ல. விதிகளும் குலுக்கலும் சேர்ந்த ஏற்பாடு. ஆனாலும் கணிப்பொறியை ஏவலாளாக வைக்காமல் சக கலைஞராக உட்கார வைத்தாரே, அதுதான் பெரிய விஷயம். நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் வேலையாளா என்ன?

இந்த லூயிஸைத் தம் ஆசான்களில் ஒருவராகக் கொண்டவர் பியானோ கலைஞர் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் 1971இல் பிறந்தவர். மூன்று வயதிலிருந்து வயலின் கற்றார். பியானோ பெரும்பாலும் கேள்வி ஞானம். யேல் பல்கலையில் கணிதமும் இயற்பியலும் படித்து, பெர்க்லியில் இயற்பியல் ஆய்வுக்குச் சேர்ந்தவர், பாதியில் இசைப் பக்கம் திரும்பிவிட்டார். (நம் வீடுகளில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை!) 1997இல் தாள அமைப்பைக் கணிப்பொறிக்குள் எப்படிப் பதிவது என்று கூட்டாக ஓர் ஆய்வுரை அளித்தார். 1998இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த ஆய்வேட்டின் சாரம் இது: தாளம் மூளைக் கணக்கு மட்டுமல்ல, உடம்பில் குடியிருப்பது. கை தட்டும், கால் தட்டும். ஓர் அடி நொடியின் நூறில் சில பங்கு பிந்தி விழும். கடிகாரக் கணக்கில் அது பிசகு, காதுக்கு அதுதான் உயிர். தொடையில் தாளம் போட்டுப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்படியானால் உடம்பே இல்லாத கணிப்பொறிக்குத் தாளம் ஏது? இந்தக் கேள்வியோடுதான் அவர் மின்னணு ஒலிகளையும் பியானோவோடு கலந்தார். 2014இல் வந்த 'மியூட்டேஷன்ஸ்' இசைத்தட்டு அதற்குச் சான்று. மென்பொருள் படிக்கும் நம் பிள்ளைகள் அவசியம் கேட்க வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் காலம். மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024இல் 'லால் சலாம்' படப் பாடலுக்காக, குடும்பத்தாரின் அனுமதியோடு, ஏ. ஆர். ரகுமான் திரும்பக் கொண்டுவந்தார். அது ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது; நேருக்கு நேர் வாசிப்பது வேறு. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ரூடஸ், தம் வாசிப்பையே கற்ற நிரலோடு கச்சேரி செய்தார். கணிப்பொறியின் முறை வரும்போது சபையோர் எதைப் பார்ப்பது? அதற்காக, இசைக்கேற்ப அசையும் சிற்பம் ஒன்றை மேடையின் பின்புறம் நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் மிஷினுக்கும் ஓர் உடம்பு தேவைப்பட்டுவிட்டது.