மலையைக் காத்த மூவர்

போர்கள் நடந்த ஆண்டுகளை நம் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்புவிப்பர். தீங்கு நேராமல் தடுத்த ஆண்டுகளையோ அவர்கள் அறியார், நாமும் கற்பிப்பதில்லை. நடவாமற்போன தீமைக்கு வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் காண்போம்.

மத்திய ஆசியாவில், கசகஸ்தான் நாட்டின் வடகிழக்கே, செமிபலாத்தின்ஸ்க் சோதனைக்களம் உள்ளது. சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை 1949 ஆகஸ்டு 29ஆம் நாள் அங்கேதான் வெடித்துப் பார்த்தது. 1989 வரை அங்கு நிகழ்ந்த சோதனைகள் 456. அவற்றுள் பல, தெகெலென் மலையைக் குடைந்த சுரங்கங்களுள் நடைபெற்றவை. 1991இல் களம் மூடப்பட்டது; அவ்வாண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியமும் கலைந்தது. படையினர் வெளியேறினர், காவல் அகன்றது. சோதனைகளில் எரிந்து தீராத புளூட்டோனியம் மட்டும் மலைக்குள் எஞ்சி நின்றது. பத்துப் பன்னிரண்டு குண்டுகளுக்கேனும் அது போதும் எனப் பின்னர் மதிப்பிட்டனர்.

அக்காலத்தில் கசகஸ்தானின் பொருளாதாரம் நிலைகுலைந்திருந்தது. வேலையிழந்த மக்கள் செம்புக் கம்பியும் இரும்பும் தேடிச் சுரங்கங்களுள் நுழைந்தனர். அமெரிக்க உதவியுடன் 181 சுரங்கங்களின் வாயில்கள் அடைக்கப்பட்டன. அடைத்தவற்றையும் சிலர் உடைத்துப் புகுந்தனர். அவர்கள் நாடியது பழைய உலோகமே. ஆயினும், செம்பு வெளியேறும் வழியில் புளூட்டோனியமும் வெளியேறலாம் அன்றோ? வறியவனின் பசி திறந்த வாயிலில் கொடியவன் நுழைதல் எளிது.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தை முன்னர் நடத்திய சீக்ஃபிரிட் ஹெக்கர் 1998இல் அங்குச் சென்றார். ஒட்டகத்தில் வந்து கம்பி பொறுக்கும் சிலரைக் காண்போம் என்றே அவர் எண்ணியிருந்தார். அவர் கண்டவையோ, பெரும் இயந்திரங்கள் தோண்டிய நெடிய பள்ளங்கள்! அவற்றின் படங்களை அவர் உருசிய அறிவியலாரிடம் காட்டினார். அவர்களும் நிலைமையின் கடுமையை உணர்ந்தனர்.

ஆனால், உணர்தல் வேறு, ஒன்றுபடுதல் வேறு. எந்தச் சுரங்கத்தில் எது புதைந்துள்ளது என்பதை உருசியர் மட்டுமே அறிவர். அதனைச் சொன்னால் தம் படைக்கல மறைபொருள் நெடுநாட் போட்டியாளரின் கைக்குப் போய்விடுமோ என அவர்கள் அஞ்சினர். பணம் அமெரிக்கரிடம் இருந்தது. மண்ணோ கசகஸ்தானுக்கு உரியது. அறிவும் பொருளும் நிலமும் மூவரிடம் பிரிந்து கிடந்தன. எவரும் தனித்து நின்று அம்மலையைக் காத்திருக்க இயலாது. 1999இல் மூன்று நாடுகளும் உடன்பாடு கண்டன. இயன்ற அளவே தகவல் பகிரப்பட்டது. நம்பிக்கை சிறுகச் சிறுக வளர்ந்தது. புளூட்டோனியம் கிடந்த இடங்களில் சிறப்புக் கற்காரைக் கலவை நிரப்பப்பட்டது. இதனை உலகறியப் பேசினால் திருடரை அழைத்தது போலாகும் என்பதால், பணி அமைதியாகவே நடந்தது. ஏறத்தாழ 15 கோடி டாலர் செலவில் 2012 அக்டோபரில் அது நிறைவுற்றது. மலையடியில் மூன்று முகங்கொண்ட கல் ஒன்றை நாட்டினர். உலகம் முன்னினும் பாதுகாப்புற்றது என அக்கல் மூன்று மொழிகளில் கூறுகிறது.

இதற்கிடையே அம்மண்டலமும் வாளாவிருக்கவில்லை. எல்லையையும் ஆற்றுநீரையும் பற்றிப் பிணங்கிய மத்திய ஆசிய நாடுகள் ஐந்தும், 2006இல் செமெய் நகரில் கூடி, அணுப்படைக்கலம் அற்ற மண்டல ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அணுப்பொருளை அனைத்துலக நெறிப்படி காப்பதும் அதன் விதிகளுள் ஒன்று. 2009இல் அது நடைமுறைக்கு வந்தது.

பின்னர் நிகழ்ந்தது வருந்தத்தக்கது. 2014இல் உக்ரேன் பூசல் எழுந்தபின், அமெரிக்காவும் உருசியாவும் அணுப்பொருட் பாதுகாப்பில் இணைந்து செய்த பணிகள் பெரும்பாலும் நின்றன. நட்பு வந்தபின்தான் ஒத்துழைக்கலாம் என அன்று காத்திருந்தால், தெகெலென் மலை இன்றும் திறந்தே கிடந்திருக்கும். பகை தீராத போதும் பொதுத் தீங்கைத் தடுக்கக் கைகோக்க முடியும் என்பதே அம்மலை தரும் பாடம்.

ஆசிரியர்களே, அடுத்த முறை 1949ஐக் கரும்பலகையில் எழுதும்போது, அதன் அருகில் 2012ஐயும் எழுதுவோம். குண்டு வெடித்த ஆண்டைக் கற்கும் மாணவன், அதன் எச்சத்தைப் புதைத்த ஆண்டையும் கற்கட்டும்.