மர்மம் தெரிந்த பிறகும்

மர்மக் கதையைப் பற்றி நம்மிடையே ஊறிப்போன கருத்து ஒன்று உண்டு. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டால் புத்தகத்தின் உயிர் போய்விட்டது, அப்புறம் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்பதுதான் அது. துப்பறியும் நாவலை இலக்கியத்திலிருந்து தள்ளிவைக்க விரும்பியவர்கள் இதையே முதல் காரணமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் கடந்த நூறு ஆண்டுகளில் இந்தக் கதைகளுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் இந்தக் கருத்து நிற்கவில்லை. படித்து முடித்த கதையைத் தேடி மறுபடி போனவர்கள் இந்த மண்ணில் ஏராளம். நீண்ட மர்மத் தொடரின் கடைசிப் பக்கத்தில் வாசகருக்கு மனம் கனப்பது, பல நாள் உடன் இருந்த மனிதர்கள் போய்விடுகிறார்கள் என்பதால்தான். அந்தக் கனத்தை இறக்கிவைக்க, நாவல் என்ற வடிவம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நாவல் வாசகர்கள் கேட்டதும் அதைத்தான் என்பது என் வாதம்.

அந்த வழக்கம் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்ற இரு சகோதரர்களின் கதையை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவது கொங்கு நாட்டு மரபு. கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் இதை ஒலிப்பதிவு செய்தபோது பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின. உட்கார்ந்து கேட்பவர்களில் முடிவு தெரியாதவர் யாரும் இல்லை. சகோதரர்கள் வீரப்பூர்க் காட்டில் மாளப்போகிறார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் அந்தக் கட்டம் வரும்போது கூட்டத்தில் அருள் வந்து ஆட்கள் விழுகிறார்கள். படுகளம் விழுதல் என்று இதற்குப் பெயர். கதை அங்கே நிற்பதில்லை. தங்கை அருக்காணித் தங்காள் காடெல்லாம் தேடி வந்து, பெரியகாண்டி அம்மன் அருளால் அண்ணன்மாரை எழுப்புகிறாள். அவர்கள் எழுந்து அவளோடு பேசுகிறார்கள், பிறகு மறுபடி சாய்கிறார்கள். விழுந்து கிடக்கும் ஆட்களையும் தீர்த்தம் தெளித்து எழுப்பிய பிறகுதான் ஊர் கலைந்து வீட்டுக்குப் போகும். பதினெட்டு இரவு உடன் வாழ்ந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக இந்த மக்கள் சம்மதிக்கவில்லை. சடங்காக இதைப் பார்த்தவர்கள் பலர். கதை கேட்பவரின் உரிமையாகவும் இதைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்த மண்ணுக்குத்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவல் வந்து சேர்ந்தது. ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-ல் வெளிவந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் அடுத்தடுத்த நாவல்களிலும் வந்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸின் கதைகளைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றிப் பாகம் பாகமாகத் தந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'பூரணசந்திரோதயம்' ஐந்து பாகம். சேலத்துக்கு 1860-களிலேயே ரயில் வந்துவிட்டது, சென்னையில் அச்சான புத்தகம் அங்கே ரயில் நிலையம் இருக்கும் சூரமங்கலத்தில் இறங்குவதில் சிரமம் இல்லை. நாமக்கல் ஊருக்கு ரயில் வந்ததோ 2013-ல், சேலம் – கரூர் பாதை திறந்தபோது. அதுவரை அங்கே புத்தகம் போனது தபாலிலும் பஸ்ஸிலும்தான். தபாலில் வி.பி.பி.யாக வரவழைத்து, காசு கட்டி வாங்கிய ஐந்து பாகப் புத்தகத்தை ஒருவர் மட்டும் படித்துவிட்டு மூலையில் போட்டிருப்பார் என்று நம்புவது கடினம். வாங்க வழியுள்ள ஒரு வீட்டிலிருந்து அது தெரு முழுக்கச் சுற்றும். முதல் பாகம் ஒரு வீட்டிலும் மூன்றாம் பாகம் வேறொரு வீட்டிலும் இருக்கும் காலத்தில், கதை முடிவை முன்கூட்டியே கேட்டுவிடாமல் தப்புவதே அபூர்வமாக இருந்திருக்கும். ரகசியம் தெரிந்தே படிப்பது அன்றைய வாசிப்பின் இயல்பான நிலை.

இதற்கு வலுவான சான்று சேலத்திலேயே, ஏற்காடு மலைக்குப் போகும் சாலையில் இருந்தது. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனம் 1950-ல் 'திகம்பர சாமியார்' படத்தை எடுத்தது. வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' நாவல்தான் அதன் மூலம். புதிய மர்மம் ஒன்றை எழுதி வாங்க அந்த நிறுவனத்துக்கு வசதியும் ஆளும் இருந்தன. அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதியவர் மு.கருணாநிதி. அப்படியிருக்க, ஒரு தலைமுறை வாசகர்கள் ஏற்கெனவே படித்து முடித்திருந்த கதையை, அதுவும் துப்பறியும் கதையை, சுந்தரம் ஏன் எடுக்க வேண்டும்? திரையில் அவர் எதற்கு இடம் கொடுத்தார் என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. வில்லனாகவே பெரும்பாலும் அறியப்பட்ட எம்.என்.நம்பியார் அதில் கதாநாயகன். துப்பறியும் சாமியாராக வரும் அவர் பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் மாறி மாறித் தோன்றுகிறார். அடுத்து யாராக வந்து நிற்கப் போகிறார் என்ற ஆவல்தான் படத்தை நடத்துகிறது. நாவலைப் படித்தவர் விடை தேடி அரங்குக்கு வரமாட்டார், சாமியாரை மறுபடி பார்க்க வருவார் என்று சுந்தரம் கணக்குப் போட்டிருக்கிறார்.

நாமக்கல்லின் சான்று இதைவிடப் பெரிது. மோகனூரில் 1888-ல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளையைக் காந்திய இயக்கத்தின் கவிஞராகவும் 1949-ல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானவராகவும் எல்லோருக்கும் தெரியும். அவர்தான் 'மலைக்கள்ளன்' என்ற மர்ம நாவலையும் எழுதினார். கோவை பக்ஷிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் அதை எம்.ஜி.ஆர்., பானுமதி நடிக்கப் படமாக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் படம் அதுவே. தெலுங்கில் 'அக்கி ராமுடு', இந்தியில் 'ஆசாத்', மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', கன்னடத்தில் 'பெட்டத கள்ளா', சிங்களத்தில் 'சூரசேன' என்று நான்கு ஆண்டுகளுக்குள் அது ஐந்து மொழிகளுக்குப் போனது. மலைக்கள்ளன் யார் என்பதே கதையின் புதிர். வணிகர் அப்துல் ரஹீமும் கள்ளனும் ஒரே ஆள் என்று ஒருமுறை பார்த்தவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் பார்த்தார்கள். தெரிந்ததால்தான் இன்ஸ்பெக்டர் முன்னால் ரஹீம் அமைதியாக நின்று பேசும் இடங்கள் இரண்டாம் முறை அதிகம் இனிக்கின்றன.

எம்.ஜி.ஆரும் பாட்டும் சண்டையும் இழுத்த கூட்டத்தை வாசகர் கணக்கில் எழுதலாமா என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான கேள்வி. அதே 1954-ல் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' பாடல் ஒன்றுகூட இல்லாமல் வந்து, முதல் வெளியீட்டில் தோற்றது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லலாம். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ராஷோமோன்' பாணியில், ஒரே கொலையை ஒவ்வொருவர் சொல்லும் விதத்தில் காட்டிய அருமையான படம் அது. ஆனால் அந்தத் தோல்விக்குப் பாடல் இன்மை மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதில் தொடக்கத்திலேயே நாயகன் சுடப்பட்டு விழுகிறான். பார்வையாளர் துணையாகப் பிடித்துக்கொண்டு நடக்க ஒருவரும் இல்லை, கேள்வி மட்டுமே இருக்கிறது. கேள்வியை மட்டும் நம்பிய படம் அன்று தள்ளாடியது, ஆளை நம்பிய படம் ஆறு மொழியில் ஓடியது. நட்சத்திரத்தின் பங்கை இது இல்லாமல் ஆக்கிவிடாது. ஆனாலும் புதிரின் விடைதான் சரக்கு என்ற கருத்தை இது பலவீனமாக்குகிறது.

இன்னொரு மறுப்பு எழுத்தறிவு பற்றியது. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். சேலத்துத் தறிக்காரரும் ராசிபுரத்துக் குடியானவரும் ஐந்து பாக நாவலின் முடிவுக்காக ஏங்கினார்கள் என்பது மிகையாகாதா? தனியே உட்கார்ந்து மௌனமாகப் படிப்பதை மட்டுமே வாசிப்பு என்று எடுத்துக்கொண்டால் மிகைதான். நாவல் வந்ததோடு மௌன வாசிப்பு எப்படி நடுத்தர வர்க்கத்தில் பரவியது என்று ஆ.இரா.வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் விளக்கியிருக்கிறார். ஆனால் அந்த மாற்றம் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் பெரிய எழுத்தில் அச்சானதே, ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பதற்காக. அப்படிக் கேட்டுப் பழகிய காதுகள்தான் இங்கே நாவலையும் முதலில் சந்தித்தன.

வார இதழ்த் தொடர்கதைகள் பெருகிய பிறகு, முடிந்த கதையை மறுபடி தேடும் இந்த ஆசை கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாகவே ஆகிவிட்டது. வாரா வாரம் தொடர்கதைத் தாள்களைக் கிழித்து அடுக்கி வைப்பார்கள். கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ முதுகு வைத்துத் தைத்து வாங்குவார்கள். பழைய புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கும் அந்த பைண்டு புத்தகத்தைப் பிரித்தால், கதையின் ஓரத்திலேயே கோபால் பல்பொடி மாதிரி ஒரு விளம்பரம், பாதியில் அறுந்த ஒரு ஜோக், தையலுக்குள் போய்விட்ட எழுத்துகள், வார இடைவெளியைக் காட்டும் வெவ்வேறு நிறத் தாள்கள் எல்லாம் இருக்கும். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகுதான் இந்தச் செலவைச் செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மர்மக் கதையின் ஆயுள் பற்றிய கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்ன வேண்டும்?

இதே காலத்தில் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், பின்னர் 1980-களின் மாத நாவல் அலையில் ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி என்று ஒரு பெரும் குடும்பமே உருவானது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கம்பியில் தொங்கிய அந்தப் புத்தகங்களில் வழக்கு மாதாமாதம் முடியும், ஆட்கள் மட்டும் அடுத்த மாதம் திரும்பி வருவார்கள். இது பதிப்பாளரின் வியாபாரத் தந்திரம், இதில் வாசகரின் ஆசையைத் தேடுவானேன் என்று கேட்டால், வியாபாரம்தான் என்று ஒப்புக்கொள்ளத் தடையில்லை. ஆனால் இல்லாத ஆசையை வைத்து இத்தனை ஆண்டுகள் வியாபாரம் நடத்த முடியாது. ஆர்தர் கோனன் டாயில் 1893-ல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றது தன் விருப்பத்தோடுதான். பத்தாண்டு கழித்து அவரை உயிரோடு திரும்ப வரவழைத்ததில் வாசகரின் ஏக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஜப்பானில் செய்ஷி யோகோமிசோ 1946-ல் படைத்த கிண்டாய்ச்சி என்ற துப்பறிவாளரின் கதை எழுபதுக்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு நீண்டது. 1960-களில் அவர் ஏறக்குறைய எழுதுவதையே நிறுத்தியிருந்தார். 1970-களில் மலிவுப் பதிப்புகளாக வந்த பழைய நாவல்களைப் புதிய தலைமுறை அள்ளிக்கொண்டபோது, அவர் மறுபடி பேனாவை எடுத்தார். அப்போது அவர் செய்ததுதான் முக்கியம். கிண்டாய்ச்சியின் கடைசி வழக்கு என்றே குறிப்பிட்டு ஒரு பெரிய நாவலை எழுதி, அதன் முடிவில் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் ஒரு கதை எழுதினார், ஆனால் அதை முந்தைய ஆண்டு ஒன்றில் நடப்பதாக வைத்தார். வாசகருக்கு அளித்த பிரியாவிடையை அவர் திரும்பப் பெறவில்லை.

இந்த இடத்தில் அண்ணன்மார் கதையை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. எழுப்பப்பட்ட சகோதரர்கள் அதற்குப் பிறகு நூறாண்டு வாழ்ந்ததாகப் பாட்டு சொல்லவில்லை. தங்கையிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆகவே கொங்கு நாட்டார் கேட்டது முடிவே இல்லாத கதையை அல்ல, விடைபெற ஒரு வேளையை. யோகோமிசோ தம் வாசகருக்குக் கொடுத்தது அது. தமிழ்த் துப்பறியும் தொடர்கள் கொடுக்கத் தவறியதும் அதுவே. சங்கர்லால் கதைகள் 1977-ல் தமிழ்வாணன் மறைவோடு நின்றன. 2008-ல் சுஜாதா மறைந்தபோது கணேஷுக்கும் வசந்துக்கும் கடைசி வழக்கு என்று ஒன்று இல்லை. மாத நாவல்கள் தொலைக்காட்சிக்கும் பிறகு கைபேசிக்கும் இடம் கொடுத்துச் சுருங்கியபோது, முப்பது நாற்பது ஆண்டு கூடவே வந்த ஜோடிகள் சொல்லாமல் கொள்ளாமல் கடைக் கம்பியிலிருந்து மறைந்தார்கள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் அந்தப் புத்தகங்களோடு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு கடன் பாக்கி. விவேக்கையும் பரத்தையும் படைத்தவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். கடைசி வழக்கு ஒன்றை எழுதித் தாருங்கள் என்று அவர்களிடம் கேட்கும் நேரம் இது.