பிழைபட்ட காசின் சான்று

திருமறைக் காலத்து நாணயங்களைக் குருமார் தம் அருளுரைகளில் எடுத்துரைப்பதும், எருசலேமுக்குப் பயணம் சென்று மீள்வோர் அங்கு வாங்கிய பழங்காசு ஒன்றைச் சபையாருக்குக் காட்டுவதும் வழக்கமாயிருக்கின்றன. அக்காசு இன்னதென்று எவ்வாறு துணியப்பட்டது, அதற்கு விலை எங்ஙனம் வைக்கப்பட்டது என்னும் வினாக்கள் அவ்வேளைகளில் எழுவது அரிது. அக்கசாலையில் நேர்ந்த பிழைகளைக் குறித்தோ எவரும் கேட்பதேயில்லை. ஆயினும், பிழையுள்ள காசு ஒன்றின்மேல் பெரியதொரு கோட்பாட்டையே கட்டியெழுப்பும் முயற்சி 1979ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அம்முயற்சியை மதிப்பிட வேண்டுமாயின், காசு செய்யப்பட்ட முறையிலிருந்து நாம் தொடங்குதல் வேண்டும்.

பண்டைக் காலத்தில் நாணயம் கையால் அடிக்கப்பட்டது. கீழ் அச்சு பட்டடையில் பொருத்தப்பட்டிருக்கும். அதன்மேல் உலோக வில்லையை வைத்து, மேல் அச்சை அதன்மீது நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பர். வில்லை நடுவில் வைக்கப்படாவிடின் உருவம் ஒரு புறமாக விலகி விழும். அடித்த பின் வில்லை சற்றே நகர, மறுமுறையும் அடித்தால் உருவம் இரட்டிக்கும். அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அதனைக் கவனியாது அடுத்த வில்லையை வைத்து அடித்துவிட்டால், அவ்வில்லையின் ஒரு பக்கம் உருவம் மேடாகவும் மறுபக்கம் அதே உருவம் பள்ளமாகவும் இடம் மாறியும் அமையும். இவையெல்லாம் அடிக்கும்போது நேரும் பிழைகள். அச்சு வெட்டுவோன் எழுத்தைத் தவறாகவோ திருப்பியோ வெட்டுவது வேறுவகைப் பிழை. அவன் எழுத்துகளை இடவலம் மாற்றியே வெட்டவேண்டியவனாதலின், மொழியறியாதவனாயின் தவறுவது எளிது.

இவ்விரு வகைகளையும் பிரித்தறிய நாணயவியலார் ஓர் எளிய விதியைக் கையாளுகின்றனர். அச்சிலுள்ள பிழை, அவ்வச்சினால் அடிக்கப்பட்ட காசு அனைத்திலும் காணப்படும். அடித்தபோது நேர்ந்த பிழையோ அந்த ஒரு காசோடு நின்றுவிடும். ஆகவே ஒரே அச்சில் பிறந்த இரண்டாவது காசு கிடைக்கும்வரை, எழுத்துப் பிழை எனத் தோன்றுவது உண்மையில் பிழைதானா, அன்றித் தேய்வா, அச்சில் அடைந்த அழுக்கின் விளைவா என்று உறுதி கூறுவது கடினம். இவ்விதியை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

அக்கசாலையைவிட்டு வெளிப்போந்த பின் காசுக்கு நேரும் சிதைவு பிழையாகாது. நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தது. சேகரிப்போர் கண்ணில் இவ்வெட்டு விலையைக் குறைக்கும் ஊனம். வரலாற்றாசிரியனுக்கோ, அப்பொன் இங்கு எவ்வாறு கருதப்பட்டது, எவ்வாறு கையாளப்பட்டது என்பதைக் கூறும் செய்தி. சந்தை மதிப்பும் சான்று மதிப்பும் ஒன்றல்ல என்பதற்கு வேறு எடுத்துக்காட்டுத் தேவையில்லை. கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்துள்ள திபேரியுவின் வெள்ளித் தெனாரியத்தையே நற்செய்திகள் கூறும் வரிக்காசாகப் பலர் கொள்கின்றனர் என்பதையும் இங்குக் குறித்துச் செல்கிறோம்.

இனி யூதேயாவுக்கு வருவோம். ஏழை விதவையின் காசு என்று இன்று விற்கப்படுபவை பெரும்பாலும் அலெக்சாந்தர் யன்னேயு (கி.மு. 103-76) வெளியிட்ட சிறு வெண்கலக் காசுகளே. ஒருபுறம் நங்கூரமும் மறுபுறம் விண்மீனும் பொறித்த இவை பல வேளைகளில் ஒரு கிராம் எடையும் தேறுவதில்லை. சுண்ணாம்புக்கல்லில் குடைந்த குழிகளில் வெண்கலத்தை வார்த்து, சரமாகக் கிடைத்த வில்லைகளை அடித்துத் துண்டித்து இவற்றைச் செய்தனர். அதனால் வெட்டிய முனைகள் நீண்டும், உருவம் பாதி விழுந்தும் விழாமலும் கிடைக்கின்றன. இத்தகைய காசை ‘அச்சுப் பிழையுள்ள அரிய காசு’ என்று வணிகர் கூறின் நம்பலாகாது. இவ்வகையில் விலகி விழுதலே இயல்பு; நடுவில் செவ்வையாக விழுந்ததே அரிது. மேலும், யன்னேயு காலத்துக் காசுகள் அவனுக்குப் பின்னும் நெடுங்காலம் வழங்கினவாதலின், ஆலயக் காணிக்கைப் பெட்டியில் விழுந்தது இவ்வகையாக இருந்திருக்கக்கூடும் என்பதற்கு மேல் எவரும் சொல்ல இயலாது. ‘துட்டு’, ‘காசு’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பு வழங்கும் சொற்களும் தமிழ்நாட்டுச் சிறு நாணயப் பெயர்களேயன்றி வேறல்ல.

நூலின் கூற்றை முன்வைத்துக் காசை அடையாளம் காண முற்படுவதில் உள்ள இடர் யூதரின் வெள்ளிச் சேக்கல் வரலாற்றில் நன்கு விளங்கும். அந்தியோகு மன்னன் சீமோனுக்கு நாணயம் அடிக்கும் உரிமை அளித்ததாக முதலாம் மக்கபேயர் நூல் (15:6) கூறுவதால், ‘இஸ்ரவேலின் சேக்கல்’ என்னும் எழுத்துடைய காசுகள் சீமோனுடையவை என நெடுங்காலம் பலர் கொண்டனர். அவை உரோமருக்கு எதிரான முதற் கலகத்தின் (கி.பி. 66-70) காசுகள் என்பது இன்று ஐயத்திற்கிடமற்றது. 1963 முதல் 1965 வரை மசாதாவில் நிகழ்ந்த அகழாய்வில் அவை அக்கலகக் காலத்து இடிபாடுகளிலேயே கிடைத்தன. இச்சேக்கலுக்குப் போலியும் உண்டு. 16ஆம் நூற்றாண்டு முதல் ஜெர்மானிய நாட்டுக் கோர்லிட்சு நகரின் பெயரால் வழங்கிவரும் ‘சேக்கல்கள்’ பக்தர்களுக்கென்று செய்யப்பட்டவை. அவற்றில் தூபகலசமும் தழைத்த கிளையும் உண்டு. ஆனால் எழுத்தோ பிற்காலத்துச் சதுர எபிரேயம். கலகக்காரர் வழங்கியது தொன்மையான எபிரேய எழுத்தே. எபிரேய அரிச்சுவடியைக் கற்ற இறையியல் மாணவர் எவரும் இப்போலியைக் கண்ட அளவில் தள்ளிவிடலாம்.

அச்சு ஆராய்ச்சியின் வெற்றிக்குச் சிறந்த சான்று பார் கொக்பா கலகத்தின் (கி.பி. 132-135) காசுகளாம். இவற்றின் வெள்ளிக் காசுகள் யாவும் வழக்கிலிருந்த உரோமக் காசுகளின்மேலேயே மீண்டும் அடிக்கப்பட்டவை. திராட்சைக் குலையின் கீழே பேரரசனின் மூக்கும் தாடையும், சில வேளைகளில் அவன் பட்டப்பெயரின் எழுத்துகளும் தெரிகின்றன. கவனக்குறைவு போலத் தோன்றும் இவ்வெச்சம் சேகரிப்போரிடையே விலையை உயர்த்துகிறது. ஆய்வாளனுக்கோ கீழேயுள்ள காசு இன்னதென அறிந்தால், மேலுள்ளது அதற்குப் பிற்பட்டது என்பது உறுதியாகிறது. இக்காசுகளில் சில முதலாம் ஆண்டினவை; சில இரண்டாம் ஆண்டினவை; ‘எருசலேமின் விடுதலைக்காக’ என்று மட்டும் பொறித்தவை ஆண்டின்றியவை. லியோ மில்டன்பெர்க் என்னும் அறிஞர் 1984இல் வெளியிட்ட நூலில், இவற்றின் அச்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஓராண்டின் அச்சு தேய்ந்த நிலையில் அடுத்த வெளியீட்டிலும் தொடர்வதைக் காட்டி, மூன்று வகைகளையும் ஒரே சங்கிலியாகக் கோத்தார். ஆண்டின்றியவை கலகத்தின் இறுதிக் காலத்தைச் சேர்ந்தவை என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. பழைய அச்சைக் கழிக்காமல் வைத்திருந்த ஒரு தொழிலாளியின் சிக்கனம் இந்த வரலாற்றுக்கு உதவிற்று.

பொந்தியு பிலாத்துவின் காசுகளுக்கு இப்போது வருகிறோம். இவை ஏறத்தாழ இரண்டு கிராம் எடையுள்ள வெண்கலக் காசுகள். திபேரியுவின் 16, 17, 18ஆம் ஆண்டுகளில், அதாவது கி.பி. 29 முதல் 32 வரையில் அடிக்கப்பட்டவை. முதல் வகையில் பானபலி வார்க்கும் அகப்பையும் மூன்று வாற்கோதுமைக் கதிர்களும் உள. மற்ற இரண்டாண்டுகளில் லிட்டூஸ் எனப்படும் நிமித்திகனின் வளைகோல் உள்ளது. புறமதச் சடங்குப் பொருள்களைப் பொறித்து யூதரைப் பிலாத்து வேண்டுமென்றே சினமூட்டினான் என்று ஜெர்மானிய இறையியலார் எத்தல்பெர்ட் ஸ்டௌஃபர் கருதினார். 1996இல் ஹெலன் பாண்ட் இக்கருத்தை மறுத்து, யூதேயாவைப் பேரரசோடு பிணைக்கும் முயற்சியாகவே இதனைக் காணலாம் என்றார். நமக்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. முதல் வகையின் ஒரு பக்கத்தில் வழமையான கதிர்கள் இருப்பதே அதற்குப் போதிய காரணம்.

இக்காசுகள் அரியவையல்ல. பிலாத்துவுக்கு முன்னும் பின்னும் ஆண்ட ஆளுநரின் காசுகளைவிட இவை மிகுந்த விலை பெறுவது விசுவாசப் பிரமாணத்தில் அவன் பெயர் இருப்பதனாலேயே. இவற்றில் எழுத்துப் பிழைகள் மலிந்துள்ளன. ஏழைக் குறிக்கும் ‘சீட்டா’ எழுத்து திருப்பி வெட்டப்பட்டிருப்பின் ஆறைக் குறிக்கும் எழுத்தைப்போலத் தோன்றும். 17ஆம் ஆண்டுக் காசு 16ஆம் ஆண்டினதாகிவிடும். வளைகோலின் வளைவே இடவலம் மாறிய காசுகளும் கிடைக்கின்றன.

சிகாகோ லயோலா பல்கலைக்கழகப் பேராசிரியரும் இயேசு சபைக் குருவுமாகிய பிரான்சிஸ் ஃபிலாஸ், தூரின் நகரத்துச் சவச்சீலையை 1931இல் எடுத்த நிழற்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சீலையிலுள்ள முகத்தின் வலக் கண்மேல் பிலாத்துவின் வளைகோல் காசு பதிந்திருப்பதாக 1979இல் அறிவித்தார். அவர் படித்தவை நான்கு எழுத்துகள். ‘திபேரியு கைசரோஸ்’ என்னும் தொடரில் ‘உப்சிலோன், காப்பா, ஆல்பா, ஐயோட்டா’ என நிற்கவேண்டிய இடம் அது. ஆனால் காப்பாவுக்குப் பதிலாகப் பிறைவடிவ எழுத்தொன்று தெரிந்தது. அக்காலத்துக் கிரேக்கத்தில் பிறைவடிவம் சிக்மாவுக்கு உரியது. இது கோட்பாட்டுக்குத் தடையாயிருக்கவே, அச்சு வெட்டியவன் பிழை செய்தான் என்று அவர் விளக்கினார். 1981இல் காப்பாவின் இடத்தில் பிறைவடிவம் கொண்ட உண்மையான பிலாத்துக் காசு ஒன்றையும் காட்டினார். பலர் இதனைத் தீர்ந்த முடிவாகவே கொண்டனர்.

இவ்வாதத்தின் வலிமையையும் வலிமையின்மையையும் நிதானமாக நோக்குவோம். அக்காசு உண்மையானது; அத்தகைய பிழை நிகழக்கூடியதே. ஆனால் பிலாத்துவின் காசுகளில் பிழைகள் மலிந்திருப்பதே வாதத்தை மெலிவிக்கிறது. எந்த எழுத்தும் எந்த எழுத்தாகவும் தவறக்கூடுமாயின், நெசவின் முடிச்சுகளிலும் படச்சுருளின் மணிகளிலும் காணும் எந்தக் கோட்டையும் ஏதேனும் ஒரு பிழையால் நியாயப்படுத்திவிடலாம். முன்னர்க் கூறிய விதிப்படி, பிழையைக் காசிலிருந்து காசுக்கு, அச்சிலிருந்து அச்சுக்கு ஒப்பிட்டு நிறுவ வேண்டும். இங்கோ ஒப்பிடப்படும் இரண்டில் ஒன்று காசே அன்று. துணியின் நிழற்படத்தில் ஒருவர் கண்ட வடிவம். பிறரோ அதனைக் காணவில்லை. 1988இல் ஆக்ஸ்போர்டு, சூரிக், அரிசோனா ஆய்வகங்கள் மூன்றும் சீலையின் துணுக்குகளைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தி, கி.பி. 1260-1390 என்னும் கால எல்லையை அறிவித்தன. அதனை இன்றும் மறுப்போர் உளர். எனினும், காசின் சான்று அம்மறுப்புக்குத் துணைபோகும் தகுதியுடையதன்று என்பதே நம் துணிபு.

வேறொரு கேள்வியும் உண்டு. இறந்தோர் கண்களின்மேல் காசு வைக்கும் வழக்கம் முதல் நூற்றாண்டு யூதரிடையே இருந்ததா? எரிகோவின் கல்லறைகளில் மண்டையோட்டினுள் காசு கிடைத்ததைச் சான்றாகக் காட்டினர். அக்கல்லறைகளை அகழ்ந்த ராகேல் ஹக்லிலி, ஆன் கில்லப்ரூ இருவரும் 1983இல் இதனை ஆராய்ந்து, காசு வாயில் இடப்பட்டிருந்தது என்னும் முடிவுக்கு வந்தனர். இறந்தோரை ஆற்றைக் கடத்துபவனுக்குக் கூலியாக வாயில் காசிடுவது கிரேக்கர் வழக்கம். 1990இல் எருசலேமில் வெளிப்பட்ட காய்பா குடும்பக் கல்லறையிலும் பெண் ஒருத்தியின் மண்டையோட்டில் அகிரிப்பாவின் காசு ஒன்று இருந்தது. பிரதான ஆசாரியனின் குடும்பத்துள்ளேயே இவ்வழக்கம் நுழைந்தது எங்ஙனம் என்பது சீலையைக் காட்டிலும் இறையியல் மாணவர் ஆராயத்தக்க பொருள். அதனைப் பிறிதொரு கட்டுரையில் எடுத்துக்கொள்ள எண்ணியுள்ளோம்.