நெற்பயிரின் எதிர்ப்பு சக்தியும் இறால் ஓடும்

அதிராம்பட்டினம் பகுதி விவசாயிகளுக்கு இறால் ஓடு புதிதல்ல. உரித்தபின் குப்பைக்குப் போகும் அந்த ஓட்டில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. குலைநோய்ப் பூஞ்சாணத்தின் மேல்சுவரிலும் அதே கைட்டின் உண்டு. நெற்பயிரில் மட்டும் அது கிடையாது. அதனால்தான் கைட்டின் துணுக்கு பட்டதும், வெளியாள் வந்துவிட்டான் என்று பயிர் தெரிந்துகொள்கிறது.

இலைச் செல்லின் மேற்பரப்பில் இதை உணரும் ஒரு புரதம் இருப்பதை ஜப்பான் விஞ்ஞானிகள் 2006-இல் கண்டறிந்தார்கள். அதன் பெயர் செபிப். துணுக்கு அதில் ஒட்டியதும் செல்லுக்குள் தகவல் போகிறது. உடனே பயிர், பூஞ்சாணத்தைத் தடுக்கும் பொருட்களையும் அதன் சுவரை அரிக்கும் கைட்டினேஸ் என்ற நொதியையும் சுரக்கிறது. குலைநோய்ப் பூஞ்சாணமும் லேசுப்பட்டதல்ல. தன் கைட்டின் துணுக்குகளைப் பயிர் உணராதபடி, தானே ஒரு புரதத்தைச் சுரந்து மறைத்துக்கொள்ளும். அதனால் நோய் வருவதற்கு முன்பே பயிரை உஷார்ப்படுத்தினால்தான் பலன்.

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். கைட்டினிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பாட்டிலில் கிடைக்கிறது. இது தூண்டிதான், மருந்து அல்ல. தூர் கட்டும் பருவத்தில், நோய் தெரிவதற்கு முன், லேபிளில் உள்ள அளவில் தெளிக்கலாம். இலையில் கண் வடிவப் புள்ளிகள் பரவிய பிறகோ, கதிர்க் கழுத்து கறுத்த பிறகோ இதை நம்பி நாளைக் கடத்தினால் மிஞ்சுவது பதர்தான். அந்த நிலையில் வேளாண் அலுவலர் பரிந்துரைக்கும் பூஞ்சாணக்கொல்லியை உடனே தெளியுங்கள். மார்கழி, தையில் இரவுக் குளிரும் பனியும் சேரும்போது வயலைத் தினமும் பாருங்கள்.

இறால் ஓட்டை அப்படியே வயலில் கொட்ட வேண்டாம். கைட்டின் தண்ணீரில் கரையாது. உப்பும் சேர்ந்து வரும். கல்லணைக் கால்வாயின் கடைமடையில், ஏற்கெனவே உவர் தட்டிய நிலத்தில், அது கூடுதல் தொல்லை. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, வைக்கோல், சாணத்தோடு அடுக்கி நன்றாக மக்கவிட்டு அடியுரமாக இடுங்கள். கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகும். அவை நோய்ப் பூஞ்சாணத்தின் சுவரையும், கைட்டின் உள்ள நூற்புழு முட்டை ஓட்டையும் சிதைக்கக் கூடியவை. கைட்டினில் ஏறக்குறைய 7 சதவீதம் தழைச்சத்தும் இருக்கிறது. இந்த உரம் இட்ட வயலில் யூரியாவை வழக்கம்போல் அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் குலைநோய் தானாகவே கூடும்.

ஓடு கிடைக்காதவர்களுக்கு சூடோமோனாஸ் போதும். அதுவும் பயிரின் எதிர்ப்பைத் தூண்டுவதுதான், செலவும் குறைவு. கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள். இது உயிருள்ள பாக்டீரியா என்பதால் ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு ஒரே டேங்கில் கலக்க வேண்டாம்.