அடைக்கோழியின் கதை



“பத்து முட்டை வச்சுது, அதோட அடைக்கு உட்கார்ந்துகிச்சு. கிட்டப் போனா கொத்துது. என்ன பண்றது?” விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் கோழி வளர்க்கும் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. சிலர் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். சிலர் மூக்கில் இறகைச் செருகி விடுகிறார்கள். இந்த அடைக்குணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

நம் வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. தென்கிழக்கு ஆசியாவில் நெல்லும் தினையும் விளைந்த இடங்களை நாடி வந்து அது மனிதரோடு ஒட்டிக்கொண்டது. தாய்லாந்தில் கிடைத்த மிகப் பழைய கோழி எலும்புகளுக்கு 3,000 ஆண்டுகளுக்கு மேல் வயது என்று 2022-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். காட்டில் குஞ்சு பொரித்துத் தர வேறு யார் இருக்கிறார்கள்? முட்டையிடுவதை நிறுத்தி, 21 நாள் மேலே உட்கார்ந்தால்தான் வம்சம் நிற்கும். அந்தக் குணம்தான் இன்றும் நம்ம நாட்டுக்கோழியின் ரத்தத்தில் ஓடுகிறது.

எகிப்து நாட்டார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, கோழியின் உதவி இல்லாமல் சூடு கொடுத்து முட்டை பொரிக்கக் கற்றுக்கொண்டார்கள். இப்படிப் பொரிக்க வழி இருந்தால், அடை உட்காராத கோழியை வைத்துக்கொண்டும் வம்சத்தைப் பெருக்கலாம். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போன வெள்ளை லெகார்ன் அப்படிப்பட்ட கோழி. அதிகம் முட்டையிடுவதையே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் அடைக்குணம் அநேகமாக மறைந்துவிட்டது. இன்று பண்ணை லெகார்ன் வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும். நாட்டுக்கோழி 60 முட்டை இட்டாலே பெரிசு.

நம் கடலைச் சாகுபடியை நினைத்துப் பாருங்கள். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் தந்த டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம். கொடிக் கடலையை விடச் சீக்கிரம் விளையும். ஆனால் கொத்துக் கடலைக்கு விதை உறக்கம் இல்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் செடியிலேயே முளை விட்டுவிடும். ஒரு குணத்தைத் தேடும்போது இன்னொன்று கைவிட்டுப் போகிறது. கோழியிலும் அதே கதைதான்.

ஆனால் போன குணம் அடியோடு போய்விடவில்லை. அடை உட்காராத இரண்டு இனங்களைச் சேர்த்தால், பிறக்கும் கோழி மறுபடி அடைக்கு உட்காருவதுண்டு என்று இங்கிலாந்து அறிஞர் டார்வின் 1868-லேயே எழுதி வைத்தார். ஆகவே சீமைச் சேவல் விட்ட வீட்டில் அடைக்கோழி தோன்றினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நம் பக்கத்திலும் இந்த மாற்றம் வந்தது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், லெகார்ன் கோழியைப் பரப்பி, முட்டை விற்கக் கூட்டுறவும் அமைத்தார். பின்னாளில் நாமக்கல் பண்ணைகள் பெருகின. அங்கே குஞ்சு பொரிப்பது இன்குபேட்டர். நம்ம கொல்லையிலே பொரிப்பது யார்? அடைக்கோழிதானே! கரண்டு கேட்காத இன்குபேட்டர் அது.

அடைக்குக் காரணம் என்ன? 1935-இல் அமெரிக்காவில் ரிடில் என்பவரும் துணைவர்களும், புரோலாக்டின் என்ற சுரப்புநீரைச் செலுத்திக் கோழியை அடைக்கு உட்கார வைத்துக் காட்டினார்கள். மூளையடியில் சுரக்கும் இது, கோழி கூட்டிலே உட்கார உட்கார அதிகமாகும், முட்டை நின்றுபோகும். நம் பெரியவர்கள் தண்ணீரில் முக்கியதில் ஒரு நியாயம் இருந்தது. வயிறு குளிர்ந்தால் அடை தெளியும். ஆனால் மழைக்காலத்தில் முக்கினால் கோழி நனைந்து நலிந்துவிடும். மூக்கில் இறகு குத்துவது வீண் வதை.

முட்டைதான் வேண்டுமென்றால், கூட்டில் முட்டை தங்கவிடாமல் தினமும் எடுத்துவிடுங்கள். கோழியை, அடியில் காற்று புகும் மூங்கில் தட்டிக் கூண்டில், வைக்கோல் போடாமல், நிழலும் வெளிச்சமும் உள்ள இடத்தில் மூன்று நாலு நாள் வையுங்கள். தீனியும் தண்ணீரும் குறைக்காதீர்கள். பட்டினி போட்டால் முட்டைக்கு வருவது இன்னும் தள்ளிப் போகும்.

குஞ்சு வேண்டுமென்றால், ஒரு வாரத்துக்கு மேற்படாத 10, 12 முட்டை வையுங்கள். முதலில் செல்லுப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். செல்லு கடித்தால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, கரு கட்டாத முட்டையை எடுத்துவிடுங்கள். கத்தரி வெயிலில் அடை வைக்காமல் இருப்பது நல்லது.

குஞ்சு பொரித்த பின் தாய் இரண்டு மூன்று மாதம் அதுங்களோடு திரியும்; அதுவரை முட்டை இல்லை. குஞ்சுகளைச் சீக்கிரம் பிரித்து பல்பு வெப்பத்தில் வளர்த்தால் தாய் முன்னதாக முட்டைக்கு வரும்.

வீட்டில் நாலு கோழி இருந்தால் நாலையும் அடைக்கு விடவும் வேண்டாம், நாலையும் தெளிய வைக்கவும் வேண்டாம். நல்லா அடை காத்து, குஞ்சைக் கட்டி வளர்க்கும் ஒன்றை மட்டும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துத் தாய்மார்கள் கைக்காசு போடாமல் கோழியைப் பெருக்க அதுவே மூலதனம். அந்தக் கோழி போய்விட்டால், குஞ்சுக்குக் கடைக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.