காட்டும் எண்ணும் காக்கும் சொல்லும்

தாம் இன்னார் என்று பிறருக்குக் காட்டுவது வேறு. தம் உடைமையைப் பூட்டிக் காப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் கேட்டினை நம் நாட்டு வரலாறே நன்கு உணர்த்துகின்றது.

1948-ஆம் ஆண்டு மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஒளிப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை நடைமுறைக்கு வந்தது. சுங்கை பாக்காப் வட்டாரத் தோட்டத் தமிழரும் அதனை உடன்கொண்டு நடமாட வேண்டியதாயிற்று. கேட்பவர்க்குக் காட்டுவதற்கென்றே பிறந்த அட்டை அது. 1990-இல் 12 இலக்க எண் வந்தது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் கூறும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைச் சுட்டும். பினாங்கிற்கு உரியது 07. இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண்.

கடவுச்சொல்லின் பிறப்போ வேறு. 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டபோது, அவரவர் கோப்புகளைக் காக்க அது பயன்பட்டது. ஆயினும் மாந்தர் அதனை எளிதாகவே அமைத்தனர். 1979-இல் மோரிஸ், தாம்சன் என்னும் அறிஞர் இருவர் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 86 விழுக்காடு மிகக் குறுகியனவாகவோ அகராதி முதலிய பட்டியல்களில் கிடைப்பனவாகவோ இருந்தன.

இவ்விரு வரலாறுகளும் நம் நாட்டில் 2017-இல் எதிர்ப்பட்டன. நான்கு கோடியே அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி அவ்வாண்டு அக்டோபரில் வெளிப்பட்டது. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நடப்பில் இருந்தும் இது நிகழ்ந்தது. சட்டம் வேலியாகலாம், ஆயினும் வெளியே சென்ற செய்தியை அது மீட்டுத் தாராது. பிறந்த நாளையே கடவுச்சொல்லாகக் கொண்டவர், தம் வீட்டுத் திறவுகோலை வாயிற்படியிலேயே வைத்தவர் ஆவார்.

ஆதலின் கடவுச்சொல் நீளமாயிருத்தல் வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பிலாத நான்கைந்து சொற்களைக் கோத்தல் நன்று. பலரும் அறிந்த குறளடியோ பிள்ளையின் பெயரோ அதற்கு ஆகாது. கணக்கு ஒவ்வொன்றிற்கும் தனிச்சொல் வேண்டும்; ஒன்று களவுபோயினும் ஏனையவை பிழைக்கும். வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணை எவர் கேட்பினும் உரைத்தல் கூடாது.

கைப்பேசியில் வங்கிக் கணக்கை நடத்தும் முதியோர் பலர், அதற்குரிய சொல்லை அமைக்கப் பிள்ளைகளின் துணையையே நாடுகின்றனர். காட்டுவது எது, காப்பது எது என்னும் வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தினால், அவ்வறிவு அவர்தம் இல்லங்களையும் காக்கும். இது தமிழாசிரியர்தம் கடமைகளுள் ஒன்றாகும்.